முனியம்மா ஏ, பி வீராசாமி

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அம்மாவுக்காக ஓர் உதவித்தொகை விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஐசியில் (அடையாள அட்டையில்) இருப்பதுபோலவே முழுப்பெயரை எழுதவும் என்று மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்படியே எழுதினேன். பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்தது. கீழே மூன்றே சொல்: நாமா திடாக் சா.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“என்னவாம்?”

“பேரு செல்லாதாம்மா.”

“அறுபத்தெட்டு வருஷமா செல்லுச்சே, இன்னிக்கி என்ன வந்துச்சு அதுக்கு?”

வந்தது வேறொன்றுமில்லை, இங்கே மலேசியாவில் இன்னார் மகள் என்று காட்டப் பெயரில் போடும் ஏ/பி-யின் நடுவில் நிற்கிற அந்தச் சாய்கோடு. அதை எடுத்துவிட்டு ‘ஏபி’ என்று சேர்த்து எழுதினேன். முதல் பக்கம் வழிவிட்டது. இரண்டாம் பக்கம், பெயர் பதிவேட்டோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது. சாய்கோடு இருந்தால் முதல் பக்கத்துக்கு ஆகாது, இல்லாவிட்டால் இரண்டாம் பக்கத்துக்கு ஆகாது. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே மாடியில் உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒருவரோடு ஒருவர் பேசியிருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை நான் லீவு போட்டு, அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஐசியைப் பார்த்தார், இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். நம் ஊரில் கணினி கெடுத்ததைச் சரிசெய்ய இன்னமும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது பெரிய ஆறுதல்.

நானும் நிரல் எழுதிப் பிழைப்பவன். அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் வரியை என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். ஏ முதல் இசட் வரை, ஓர் இடைவெளி, போனால் போகட்டும் என்று ஒரு மேற்கோள் குறி, ஓர் இடைக்கோடு. ஓ’பிரையனுக்கு இடம் இருக்கும், மேரி-ஜேனுக்கு இடம் இருக்கும். எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தில், இந்த நாட்டில் ஏ/எல், ஏ/பி போட்டுப் பெயர் வைத்திருக்கிற அத்தனை பேரையும் செல்லாதவர்களாக்கிவிடலாம். அன்றிரவே இதைக் காட்டமாக எழுதிப் போடவேண்டும் என்று உட்கார்ந்தேன். முதல் பத்தி நன்றாகவே வந்தது. இரண்டாவது ஓடவில்லை. ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே வேலையை நானே செய்திருக்கிறேன். அதுவும் தெரியாத ஊர்க்காரர்களுக்கு இல்லை, என்னைத் தூக்கி வளர்த்தவர்களுக்கு.

நிதிப் புத்தகம்

எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் வைத்த பெயர் அது. அதற்கு முன்பு பத்தாங் பெர்ஜுந்தை. ஊரில் பாதிப் பேருக்கு இன்னமும் அதுதான். பக்கத்தில் தென்னமரம் தோட்டம். பெயரில்தான் தென்னை. ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் அங்கேதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். ஆக, பெயர் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக இருப்பது எங்கள் பக்கத்துக்குப் பழக்கமான விஷயம்தான்.

தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்த பிறகும், பெரியவர்கள் விடாமல் கொண்டுவந்த ஒன்று மரண சகாய நிதி. யாராவது தவறினால் ஒவ்வொரு வீடும் ஆளுக்கு ஐந்து ரிங்கிட் போடும். அன்று மாலைக்குள் பணம் சாவு வீட்டுக்குப் போய்விடும். கணக்கு வைத்திருந்தவர் தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் கிராணியாக (எழுத்தராக) இருந்த ஐயா. நீல அட்டை போட்ட தடிப் புத்தகம். ஆளுக்கு ஒரு பக்கம். கண் மங்கிவிட்டது, இனிமேல் என்னால் முடியாது தம்பி என்றார். இதிலென்ன ஐயா, ஒரு ராத்திரி வேலை, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறேன் என்று வாய்விட்டேன்.

பெயர்களைத் தட்டச்சு செய்து முடிக்கவே மூன்று வாரம் போனது. பிறகுதான் என் கெட்டிக்காரத்தனம் தொடங்கியது. வருஷக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு ரசீது போகவேண்டும். பைதானில் சின்ன நிரல் எழுதினேன். ஒருவரை எடு, அவர் கட்டியதைக் கூட்டு, ரசீது அச்சடி, அவர் பெயரிலேயே ஒரு பிடிஎஃப் கோப்பாகச் சேமி. கோப்புறை இல்லையென்றால் நீயே உருவாக்கிக்கொள் என்று ஒரு வரியையும் முன்யோசனையோடு சேர்த்திருந்தேன். ஓட்டினேன். ஒரு பிழைகூடக் காட்டவில்லை. நிரலாளர்கள் பயப்பட வேண்டியது அந்த மாதிரி நேரத்தில்தான்.

ரசீதுகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரசீதுகூட இல்லை. வரிசையாகக் கோப்புறைகள். ஒன்றின் பெயர் ‘முனியம்மா ஏ’. (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அதைத் திறந்தால் உள்ளே ‘பி ஆறுமுகம்’ என்று ஒரு கோப்பு, ‘பி வீராசாமி’ என்று இன்னொன்று. ‘லெட்சுமி ஏ’ என்ற கோப்புறைக்குள் நான்கு தகப்பன்மார்கள் அடுத்தடுத்துப் படுத்திருந்தார்கள். ஆண்கள் பக்கம் ‘எல்’. சுப்பிரமணியம் ஏ, அதற்குள் எல் காளிமுத்து. ஊரே ஆளுக்கொரு உறையாகவும், உள்ளே தகப்பனை மடித்து வைத்ததாகவும் ஆகிவிட்டது.

என் மடிக்கணினியில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம், யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழி வந்தது. யூனிக்ஸ் வழி வந்த எதிலும் கோப்பின் பெயரில் என்ன எழுத்தை வேண்டுமானாலும் வைக்கலாம். தமிழ் வைக்கலாம், இடைவெளி வைக்கலாம், பொம்மைகூட வைக்கலாம். வைக்கக்கூடாதவை இரண்டே இரண்டு. ஒன்று ‘நல்’ எனப்படும், கண்ணுக்குத் தெரியாத சுழிய எழுத்து, மற்றது சாய்கோடு. சாய்கோட்டைக் கண்டால், இதற்கு முன்னால் இருப்பது கோப்புறை, பின்னால் இருப்பது அதற்குள்ளே இருக்கும் பொருள் என்று அது புரிந்துகொள்ளும். யூனிக்ஸுக்கு முந்தைய மல்டிக்ஸில் இந்த வேலைக்கு ‘>’ என்ற குறி இருந்தது. பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கியபோது சாய்கோடு வந்தது. மைக்ரோசாஃப்டின் டாஸில் சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளுக்கான குறியாக இருந்ததால், 1983-இல் டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது கோட்டை எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டார்கள். விண்டோஸில் இன்றைக்கும் அப்படித்தான் சாய்ந்து கிடக்கிறது.

இந்தப் பக்கம் நம் கோடு. வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸ்களில் மகன் என்பதற்கு எஸ்/ஓ, மகள் என்பதற்கு டி/ஓ. எழுதிக் கை வலித்த எவரோ பிடித்த சுருக்குவழி. சிங்கப்பூரில் அதையே வைத்துக்கொண்டார்கள். இங்கே மலாய்க்கு மாறியபோது அனாக் லெலாக்கி ஏ/எல் ஆனது, அனாக் பெரெம்புவான் ஏ/பி ஆனது; கோடு மட்டும் மாறவில்லை. பின், பிந்தி என்று மலாய்க்காரர்கள் எழுதுவதில் கோடு கிடையாது, அதனால் அவர்களுக்கு இந்தத் தொல்லையும் கிடையாது. நமக்கு மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கெடாவிலிருந்து வந்து என்னோடு வேலை செய்த ஒரு சயாமியரின் ஐசியைப் பார்த்தபோதுதான் அவர்கள் பெயரிலும் இதே கோடு இருப்பது தெரிந்தது. அன்று மதியம் சாப்பாட்டு நேரம் முழுக்க விமான டிக்கெட் கதைகளைப் பேசிச் சிரித்தோம். விமான முன்பதிவு முறைகளில் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிப்பதே சாய்கோடுதான். கடப்பிதழின் அடியில் கருவி படிப்பதற்காக நாற்பத்து நான்கு நாற்பத்து நான்கு எழுத்தாக இரண்டு வரி இருக்குமே, அதில் ஏ முதல் இசட், எண்கள், ‘<’ என்ற குறி, இவை தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை.

ஆக, இங்கே ஒரு கிராணி அவசரத்தில் இழுத்த கோடும், அமெரிக்காவில் யாரோ வசதிக்காகத் தேர்ந்தெடுத்த கோடும் பெஸ்தாரி ஜெயாவில் என் சமையலறை மேசைமேல் மோதிக்கொண்டன. விழுந்து விழுந்து சிரித்தேன். திரையைப் படம் பிடித்துக் கூட்டாளிகளுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பினேன். பிறகு மணி பதினொன்றைத் தாண்டிவிட்டதே என்று அவசரமாக ஒரு திருத்தம் செய்தேன்.

இந்தக் கதையில் நான் சிரிக்க முடியாத இடம் அதுதான். கோப்பின் பெயரை மட்டும் மாற்றியிருக்கவேண்டும். அதற்கு நான்கு வரி கீழே போகவேண்டும். நான் மேலேயே, நிரல் பெயரை வைத்திருக்கும் மாறியிலேயே கை வைத்தேன். சாய்கோடு வரும் இடத்தோடு வெட்டு, முன்னால் இருப்பதை வைத்துக்கொள், ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒன்று, இரண்டு என்று எண் போடு. இப்போது எல்லாக் கோப்பும் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. ரசீதின் உள்ளே என்ன அச்சாகியிருக்கிறது என்று நான் திறந்து பார்க்கவே இல்லை. இருநூற்றுச் சொச்சம் ரசீது. மறுநாள் காலை ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் பசியாறப் போய்விட்டேன்.

குச்சிக்கு அந்தப் பக்கம்

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் வீராசாமி மகள் முனியம்மா பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். எண்பதைத் தாண்டியவர். பால்மரம் (ரப்பர்) வெட்டிய கை. பிடித்தால் இன்னமும் வலிக்கும். ரசீதை நான்காக மடித்து ஐசியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார்.

“தம்பி, பேத்தி படிச்சுக் காட்டுனா. முனியம்மா ரெண்டுன்னு போட்டிருக்காம். யாரு அந்த ரெண்டு?”

“நீங்கதான் பாட்டி. இன்னொரு முனியம்மா இருக்காங்கல்ல, அதுக்காக…”

“அவ ஒண்ணா?”

ஆறுமுகம் ஏ-யில் தொடங்குகிறது, வீராசாமி வி-யில் தொடங்குகிறது. அகரவரிசையில் அடுக்கினால் ஆறுமுகம் மகள்தான் முதலில் வருவார். இதைப் பாட்டியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

“அவ பின்னால வந்தவடா. புக்கிட் ரோத்தான் பக்கத்துலேருந்து கட்டிக்கிட்டு வந்தவ. சரி, அத விடு. எங்கப்பன் பேரு எங்க?”

சாய்கோடு, கம்ப்யூட்டர் ஏற்காது, கோப்பு, கோப்புறை என்று ஏதேதோ சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஐசியை எடுத்தார்.

“எனக்கு எழுத்து தெரியாது. தோட்டத்துல இருக்கயில சம்பளத்துக்குக் கைநாட்டுதான் வெப்பேன். ஆனா இங்க பாரு,” என்று நகத்தை ஐசிமேல் வைத்தார். நகம் சரியாகச் சாய்கோட்டின் மேல் நின்றது. “இந்தக் குச்சி இருக்குல்ல, இதுக்கு அங்கிட்டு நானு, இங்கிட்டு எங்கப்பன். எந்தக் காயிதத்துலயும் இந்தக் குச்சியத்தான் மொதல்ல தேடுவேன். குச்சி இருந்தா அது என் காயிதம். இதுல குச்சியவே காணோமே. நான் செத்தா அவ மவன்ல வந்து காச வாங்கிட்டுப் போவான்?”

ரோமன் எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர். அந்த அட்டையில் அவரால் படிக்க முடிந்த ஒரே குறி அதுதான். கணினிக்கு வேண்டாத குப்பை என்று நான் எந்த எழுத்தை நள்ளிரவில் கூட்டித் தள்ளினேனோ, அதே எழுத்து. சொல்லப்போனால், பாட்டி அதைப் படித்த விதமும் யூனிக்ஸ் படிக்கும் விதமும் ஒன்றுதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் வேறு, ஆனால் ஒட்டியவை. நடுவில் இருந்த எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “அவங்க அப்பா சயாம் ரயிலுக்குப் போனவருடா, அவங்க கைக்குழந்தையா இருக்கயில” என்றார். போட்டோ கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் ஆள்பிடித்துக் கொண்டுபோய்ப் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை அது. 1943 அக்டோபரில் தண்டவாளம் போட்டு முடிந்தது, நானூற்றுப் பதினைந்து கிலோமீட்டர்; எங்கள் தோட்டங்களிலிருந்து போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். இதற்கு மேல் அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பக்கம் நாற்பத்தேழு

அன்று மாலையே கிராணி ஐயா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் எனக்குப் பாடம் எடுத்து அனுப்பினார். நீலப் புத்தகத்தைத் திறந்து பாட்டியின் பக்கத்தைக் காட்டினார். மேலே மூலையில் சிவப்பு மையில் 47. சாவு வந்தால், பணம் வந்தால், ஆள் வீடு மாறினால், அவர் எழுதுவது எல்லாம் 47 என்ற எண்ணில்தான். பெயர் பக்கத்தின் நடுவில், ஐசியில் இருப்பதுபோலவே, கோட்டோடு, ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருந்தது.

“செக்ரோல்ல பேர வெச்சுச் சம்பளம் போட்டிருந்தா, நான் மறுமாசம் உசுரோட இருந்திருக்க மாட்டேன் தம்பி. எங்க டிவிசன்ல மட்டும் ஏழு முனியம்மா. பேரு கூப்பிடுறதுக்கு. கணக்குக்கு நம்பரு.”

தரவுத்தளம் பற்றிய எந்தப் பாடத்திலும் முதல் வாரத்தில் சொல்லித்தரும் விஷயம் இது. ஆளை அடையாளம் காட்டும் திறவுகோலாகப் பெயரை வைக்காதே. நானே பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் புத்தகத்தை மூன்று வாரம் மடியில் வைத்துத் தட்டச்சு செய்தபோது, மூலையில் இருந்த சிவப்பு எண் பக்க எண்தானே என்று விட்டுவிட்டேன். மூவாயிரம் வரி நிரலைவிட நன்றாக யோசித்துச் செய்த ஒரு வடிவமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பெயர்களை மட்டும் உருவி எடுத்து மிச்சத்தைப் போட்டுவிட்டேன். கிராணிமார்கள்மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1948-இல் மலாயாவின் அவசரகாலத்தோடு அடையாள அட்டை வந்த நாளிலிருந்து நம்மவர் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதி, அண்ணன் ஓர் எழுத்திலும் தம்பி ஓர் எழுத்திலும் அலையும்படி செய்தவர்கள் என்று ஒரு கோபம். எங்கள் குடும்பத்திலேயே தாத்தாவின் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. அது இருக்கட்டும், அவர்கள் கேட்டதைத் தப்பாக எழுதினார்கள், நான் சரியாக எழுதியிருந்ததை வெட்டினேன்.

கிள்ளானில் இருக்கும் ஒரு கூட்டாளி இதைக் கேட்டுவிட்டு, வெள்ளைக்காரன் ஆபீஸ் சுருக்கெழுத்தை ஏண்டா கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், எடுத்துத் தொலையுங்கள் என்றான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கருவிக்காகப் பெயரை மாற்றிக்கொள்வது உலகத்தில் நடக்காததும் அல்ல. மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்த மனித மரபணுக்களை எக்ஸெல் மார்ச் மாதம், செப்டம்பர் மாதம் என்று தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. நான் அந்தக் குழுவில் இருந்திருந்தாலும் அதற்குத்தான் கை தூக்கியிருப்பேன்; ஆராய்ச்சிக் கட்டுரைகளில் தப்பு ஏறிக்கொண்டே போவதைவிட அது மேல். ஆனால் மரபணு பிளாஸ்டிக் பையோடு கோயில் மண்டபத்துக்கு வராது. கூட்டாளி தன் பிள்ளைக்குக் கோடு இல்லாமல் பெயர் வைக்கட்டும், நானும் வைக்கலாம். பாட்டியின் கோட்டைப் பதினொரு மணிக்கு நான் எடுத்ததற்கு அது பதிலாகாது.

நிரலைத் திருப்பி எழுதினேன். பாட்டியின் ரசீது இப்போது 047 என்ற கோப்பில் இருக்கிறது. உள்ளே முழுப்பெயர், ஐசியில் இருக்கிறபடி. அச்சடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, குச்சியைக் கண்டுபிடித்தார். கொஞ்சம் கண்ணைச் சுருக்கினார்.

“எழுத்து எறும்பு மாரி இருக்கு. கொஞ்சம் பெருசாப் போடக்கூடாதா?”

போட்டேன். பெயர் ஒரு வரியில் அடங்காமல் உடைந்தது. உடைந்த இடம் எது என்று சொல்லவேண்டுமா? சாய்கோட்டுக்குப் பின்னால் வரியை மடிக்கலாம் என்று, உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் விதியிலேயே இருக்கிறது. ‘முனியம்மா ஏ/’ மேல் வரியில், ‘பி வீராசாமி’ கீழ் வரியில். இரண்டாவது முறை அதைக் கொண்டுபோய்க் காட்ட எனக்கு முகம் இல்லை. யூனிகோடில் 2060 என்று ஓர் எழுத்து உண்டு. திரையில் தெரியாது, தாளில் மை விழாது. தனக்கு இரண்டு பக்கமும் இருப்பதைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதற்கு வேலை. கோட்டுக்குப் பின்னால் ஒன்றைச் செருகினேன். ஏ/பி பிரியாமல் வீராசாமியோடு சேர்ந்து கீழ் வரிக்கு இறங்கியது. முனியம்மா மேலே, ஏ/பி வீராசாமி கீழே. பாட்டி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் அவசரத்தில் அதை ரசீதில் மட்டும் செருகாமல், பட்டியலில் இருக்கும் பெயரிலேயே செருகிவிட்டேன் போலிருக்கிறது. நேற்று ஐயாவின் பேரன் கூப்பிட்டான். அவன்தான் இப்போது கணக்கைப் பார்க்கிறான். “அண்ணே, நாப்பத்தேழாம் நம்பர் பாட்டிய பேரு போட்டுத் தேடுனா வரமாட்டேங்குது. எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு, எண்ணிப் பாத்தா ஒண்ணு கூட வருது. என்னண்ணே அது?”